மழை அளக்க ஆளா, சென்சாரா? நீலகிரியில் எது தாங்குகிறது

நீலகிரியில் மழை அளக்க இப்போது இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. எஸ்டேட் ஆபீஸ் முற்றத்திலும் அரசு அலுவலக வளாகத்திலும் அணைக்கட்டுக் குடியிருப்பிலும் தரையோடு ஒட்டி நிற்கும் மழைமானி ஒன்று. காலை எட்டரைக்கு ஒருவர் போய், பாட்டிலை எடுத்து, கண்ணாடியில் ஊற்றி, ரிஜிஸ்டரில் எழுதுவார். மற்றது, சோலார் பேனலும் சிம்மும் வைத்த கம்பத்தில் நின்று, கால் மணிக்கு ஒருமுறை தானாகவே எண் அனுப்பும் தானியங்கி. தமிழ்நாடு முழுக்க 1,400 தானியங்கி மழைமானிகளும் 100 தானியங்கி வானிலை நிலையங்களும் அமைக்கும் அரசுத் திட்டம் வந்த பிறகு, "இனிமேல் இதற்கு ஒரு ஆள் எதற்கு?" என்று கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கிடைக்கும் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எவ்வளவு பெய்தது என்பதற்கு ஆளை நம்பலாம். எப்போது பெய்தது, என்ன வேகத்தில் பெய்தது என்பதற்கு சென்சார் வேண்டும். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், கையால் அளக்கும் மழைமானியை வாங்குங்கள். கவனிக்க ஆள் இல்லாத சென்சார் இந்த மலையில் ஒரு ஜூன், ஜூலையைக்கூட முழுதாகத் தாண்டுவது கடினம்.

கையால் அளப்பது

வாங்க வேண்டியது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அளவில் செய்த ஃபைபர் மழைமானி. உலோக விளிம்பு வைத்த புனல், மண்ணில் பாதி புதையும் அடிப்பாகம், உள்ளே ஒரு பாலித்தீன் பாட்டில், கூடவே ஒரு அளவுக் கண்ணாடி. பழுதாக இதில் அதிகம் ஒன்றும் இல்லை. தவறு நடப்பது பெரும்பாலும் வாங்கும்போதுதான்.

புனலின் வாய்ப்பரப்பு 200 சதுர செ.மீ., 100 சதுர செ.மீ. என்று இரண்டு வகை. பாட்டில் 2, 4, 10 லிட்டர் அளவுகளில் வரும். எதையும் குறிப்பிடாமல் கேட்டால் 200 புனலும் 4 லிட்டர் பாட்டிலும் கைக்கு வர வாய்ப்பு அதிகம். அந்தப் புனலில் 1 மி.மீ. மழை என்பது 20 மில்லி தண்ணீர். ஆக 4 லிட்டர் பாட்டில் 200 மி.மீ.யில் நிரம்பிவிடும். சமவெளியில் பெரும்பாலான நாட்களுக்கு இது போதும், இங்கே போதாது. 2009 நவம்பர் 10ஆம் தேதி கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. பதிவானது. 200 புனலில் அது 16.4 லிட்டர். 10 லிட்டர் பாட்டில் போட்டிருந்தாலும் 500 மி.மீ.யிலேயே வழியத் தொடங்கியிருக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரு நாள் மழை 800 மி.மீ.யைத் தாண்டியது. அவலாஞ்சி தென்மேற்குப் பருவக்காற்றை நேரே வாங்கும் இடம், அங்கே ஆச்சரியம் குறைவு. கேத்திப் பள்ளத்தாக்கோ கேரட்டும் பீட்ரூட்டும் விளையும் மிதமான மழைப் பகுதி. "நம்ம பக்கம் அவ்வளவு பெய்யாது" என்று சின்ன பாட்டிலை வாங்குகிறவர்கள் அந்த நவம்பரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே தேவாலா, கூடலூர், அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் என்றால் 100 புனலும் 10 லிட்டர் பாட்டிலும் கேட்டு வாங்குங்கள். 1,000 மி.மீ. வரை தாங்கும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்கு 200 புனலும் 10 லிட்டரும் சரி. பெரிய புனலில் சிறு மழையை இன்னும் துல்லியமாகப் படிக்கலாம். கொட்டித் தீர்க்கும் நாளில் எட்டரை மணி வரை காத்திருக்காமல் மூன்று மணிக்கு ஒருமுறை அளந்து, நேரத்தோடு தனித்தனியாக எழுதி, மறுநாள் காலையில் கூட்டிக்கொள்ளலாம். அப்படி எழுதிய நான்கு வரிகள், மொத்தமாக எழுதிய ஒரு வரியைவிடப் பல மடங்கு பயன்படும்.

கண்ணாடிதான் அடுத்த பொறி. எத்தனை சதுர செ.மீ. புனலுக்கானது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். பழைய கண்ணாடி உடைந்து அவசரத்துக்கு வேறொன்று வாங்கும்போது இது மாறிப்போகிறது. 100 புனலில் விழுந்த தண்ணீரை 200க்கான கண்ணாடியில் ஊற்றினால் மழை பாதியாகத் தெரியும். திருப்பிப் போட்டால் இரட்டிப்பாகும். ஒரு ரிஜிஸ்டரில் ஏதோ ஒரு மாதத்திலிருந்து எல்லா எண்களும் திடீரென்று பாதியானால், மழை குறைந்துவிட்டது என்று சொல்வதற்கு முன் கண்ணாடி எப்போது மாறியது என்று கேளுங்கள்.

படிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். கண்ணாடியைக் கையில் தூக்கிப் பிடித்துப் பார்க்கக் கூடாது. சமமான கல்லின் மேல் வைத்து, குனிந்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். தண்ணீர் ஓரங்களில் லேசாக மேலேறி, நடுவில் குழிந்து நிற்கும். அந்தக் குழியின் அடி எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதுதான் அளவு. மூடுபனிக் காலையில் கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்த்திருக்கும். துடைக்காமல் படித்தால் கோடும் அதன் நிழலும் இரண்டாகத் தெரிந்து, 0.2 மி.மீ. எளிதாகத் தவறிப்போகும். அளந்த தண்ணீரை உடனே கீழே கொட்டிவிடவும் கூடாது. எழுதி முடித்த பின் இன்னொரு முறை அளந்து பார்த்துவிட்டுத்தான் கொட்ட வேண்டும்.

தேதிக் கணக்கைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 15ஆம் தேதி காலை எட்டரைக்கு அளப்பது, 14ஆம் தேதி எட்டரையிலிருந்து பெய்தது. அதை 15ஆம் தேதிக்கு நேரேதான் எழுத வேண்டும். 14ஆம் தேதி மாலை பெய்த மழைதானே என்று ஒருவரும், அளந்த நாள்தானே என்று இன்னொருவரும் வெவ்வேறு வரியில் எழுதினால், பக்கத்து எஸ்டேட்டோடு ஒப்பிடும்போது ஒரு நாள் தள்ளியே நிற்கும்.

அலகு இன்னொன்று. தேயிலைத் தோட்டங்களில் இன்னும் இஞ்சும் சென்ட்டும்தான் புழங்குகிறது. நூறு சென்ட் ஒரு இஞ்ச், ஒரு சென்ட் 0.254 மி.மீ. "நேத்து நாப்பது சென்ட்" என்றால் 10 மி.மீ.யைக் கொஞ்சம் தாண்டிய மழை. அளப்பவர் பழகிய அலகை மாற்றச் சொல்ல வேண்டியதில்லை. ரிஜிஸ்டரின் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் அலகை எழுதச் சொல்லுங்கள், அது போதும். அலகு எழுதாத பழைய பக்கங்களில் 40 என்று இருந்தால் மில்லிமீட்டரா சென்ட்டா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது.

ஆள் இருப்பதன் மதிப்பு குறிப்புப் பத்தியில்தான் முழுதாகத் தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் ஆலங்கட்டி விழும்போது புனலில் கட்டிகள் குவிந்து துளையை அடைத்துவிடும். விவரமறிந்தவர் அளவுக் கண்ணாடியில் வெதுவெதுப்பான தண்ணீரை அளந்து எடுத்து, புனலில் ஊற்றிக் கரைத்து, மொத்தத்தை அளந்து, ஊற்றியதைக் கழித்து எழுதுவார். பக்கத்தில் ‘ஆலங்கட்டி, மாலை 4 மணி’ என்று ஒரு வரி. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்த காலையில் பாட்டிலில் சில சொட்டுகள் இருந்தால், அது மழையில்லை என்று அவருக்குத் தெரியும். உருகிய பனி என்று எழுதிவிடுவார். இந்த ஒரு வரியைத் தரும் சென்சார் எதுவும் சாதாரண விலைக்குக் கிடைக்காது.

ஆளின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் விடுபட்டு, மூன்று நாள் மழை சேர்ந்து செவ்வாய்க்கிழமை ஒரே எண்ணாக விழுவது சாதாரணம். 30, 30, 30 என்று பெய்தது 90 என்று பதிவானால், மூன்று சாதாரண நாட்கள் ஒரு கனமழை நாளாகிவிடுகின்றன. வானிலைத் துறையின் கணக்கில் 64.5 மி.மீ.யைத் தொட்டாலே கனமழை, 115.6 தொட்டால் மிகக் கனமழை, 204.5 தொட்டால் அதி கனமழை. விடுபட்ட நாட்களை ஒரு கோட்டால் இணைத்து ‘மூன்று நாள் சேர்த்து’ என்று எழுதினால் இந்தத் தவறு தீர்ந்துவிடும். அளப்பவருக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவர்கள்தான் இல்லை.

வெளியே போகாமல் எழுதுவதும் நடக்கிறது. விடாத சாரலில், அட்டை ஏறும் புல்லில், தினமும் எட்டரைக்கு இறங்கிப் போவது எளிதான வேலை இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஓர் ஆண்டின் எண்களை எடுத்து, புள்ளிக்குப் பின் வரும் இலக்கத்தைப் பாருங்கள். 0.1 கோடு போட்ட கண்ணாடியில் உண்மையாக அளந்தால் 0 முதல் 9 வரை எல்லாம் ஏறக்குறைய சமமாக வரும். கோடு 0.2 என்றால் இரட்டை எண்கள் பரவலாக வரும். 0ஆகவும் 5ஆகவுமே குவிந்திருந்தால், கண்மதிப்பில் எழுதியிருக்கிறார்கள். திட்டுவதற்கு முன், மழைமானிக்குப் போகும் பாதையில் நாலு கல் பாவிக்கொடுங்கள், ஒரு நல்ல குடையும் வாங்கிக்கொடுங்கள். இந்த வேலைக்குத் தனிச் சம்பளம் தருகிற எஸ்டேட் குறைவு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சென்சார்

சந்தையில் பெரும்பாலும் கிடைப்பது டிப்பிங் பக்கெட். மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்ன ஏற்றப்பலகை போல, நடுவில் தடுப்பு வைத்த இரண்டு குட்டிக் கிண்ணங்கள். புனலிலிருந்து சொட்டும் தண்ணீர் ஒரு கிண்ணத்தில் சேரும். 200 சதுர செ.மீ. புனலும் 0.2 மி.மீ. பக்கெட்டும் என்றால் 4 மில்லி சேர்ந்ததும் எடை தாளாமல் ‘டக்’ என்று கவிழும். அடுத்த கிண்ணம் மேலே வரும். கவிழும்போது ஒரு காந்தம், காந்தம் நெருங்கினால் தொடும் சின்ன ஸ்விட்சான ரீட் ஸ்விட்சைக் கடக்கும். அந்த ஒரு தொடுகைதான் லாகருக்கு, அதாவது எண்ணைப் பதிந்துவைக்கும் பெட்டிக்கு, 0.2 மி.மீ. மழை. மற்றதெல்லாம் எண்ணுவதும் அனுப்புவதும்தான்.

இதன் பலம் பெரியது. இரவு இரண்டு மணிக்கு அரை மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டியதா, இரவு முழுக்கச் சீராகப் பெய்ததா என்று கைமழைமானி சொல்லாது. மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையிலும் மலை ரயில் பாதையிலும் மண் சரிவது மொத்த மழையை மட்டும் பொறுத்ததில்லை. ஏற்கெனவே ஊறிய மண்ணின் மேல் கடைசியாக எவ்வளவு வேகத்தில் விழுந்தது என்பதைப் பொறுத்தது. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்சரிவில் இறந்தார்கள். அப்படிப்பட்ட இரவில் காலை எட்டரை மணி ரீடிங் காலம் கடந்த செய்தி. பர்லியாறு, குன்னூர், கேத்தி, கோத்தகிரிச் சரிவுகளில் சென்சார் இருந்தே ஆக வேண்டும். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் அந்த வேகத்தில்தான் டிப்பிங் பக்கெட் குறைத்தும் சொல்கிறது. மணிக்கு 150 மி.மீ. வேகத்தில் 200 புனலில் விநாடிக்கு 0.83 மில்லி தண்ணீர் இறங்கும். கிண்ணம் கவிழத் தொடங்கி நடுத்தடுப்பு மறுபக்கம் போக ஏறக்குறைய கால் விநாடி ஆகும் என்று வையுங்கள். அதற்குள் 0.2 மில்லி ஏற்கெனவே நிரம்பிய கிண்ணத்திலேயே விழுந்து, எண்ணப்படாமல் போகும். 4 மில்லிக்கு 0.2 என்றால் 5 சதவீதம். வேகம் கூடக்கூட இழப்பும் கூடும். வாங்கும்போது "மழை வேகத்துக்கு ஏற்பத் திருத்தம் லாகரில் இருக்கிறதா" என்று கேளுங்கள். இல்லையென்றால் 68 மி.மீ. பெய்த நாள் பத்து சதவீதக் குறைவில் 61 என்று பதிவாகி, கனமழைப் பட்டியலிலிருந்தே விழுந்துவிடும்.

எதிர்ப்பக்கக் குறை சாரலில். ஜூலை மாத ஊட்டியில் நாள் முழுக்கத் தூறியும் மொத்தம் ஒரு மில்லிமீட்டர்கூடச் சேராத நாட்கள் உண்டு. கிண்ணத்தில் 3 மில்லி சேர்ந்து நின்றுவிட்டால் இன்றைய மழை பூஜ்யம். அது வெயிலில் ஆவியாகும், அல்லது நாளைய முதல் சொட்டோடு கவிழ்ந்து நாளைய கணக்கில் ஏறும். கூடவே காற்று. நுண்ணிய துளிகளைக் காற்று புனலுக்கு மேலேயே தள்ளிக்கொண்டு போய்விடும். சென்சாரைக் கம்பத்தின் உச்சியிலோ மொட்டை மாடியிலோ மாட்டினால் இந்த இழப்பு இன்னும் அதிகம். கைமழைமானியின் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருப்பதற்குக் காரணமே இதுதான். காற்றுக்கு ஆடும் கம்பம் வேறொரு தொல்லையும் தரும். பாதி நிறைந்த கிண்ணம் அதிர்ச்சியிலேயே கவிழ்ந்து, பெய்யாத மழையை எழுதும்.

அடைப்புதான் இந்த மலையில் முதல் எதிரி. கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) இலை நீளமானது, புனல் வாயில் பாலம்போல் படுக்கும். சில்வர் ஓக்கின் இலை உதிரும் காலத்தில் ஒரே வாரத்தில் புனல் நிரம்பும். சீகை (வாட்டில்) மரப் பூவின் மஞ்சள் தூள் தண்ணீரோடு சேர்ந்து பசைபோல் வலையில் ஒட்டும். குளவி மண்கூடு கட்டும், சிலந்தி கிண்ணத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே நூல் கட்டும். ஒரே ஒரு நூல் போதும், கிண்ணம் கவிழாமல் நிற்க. முழு அடைப்பைக் கண்டுபிடிப்பது எளிது, ஊரே நனையும்போது 0.0 காட்டும். பாதி அடைப்புதான் ஏமாற்றும். புனலில் தேங்கிய தண்ணீர் இரவெல்லாம் மெதுவாகச் சொட்டும். நாளின் மொத்தம் ஏறக்குறைய சரியாக இருக்கும், ஆனால் அரை மணி நேரத்தில் கொட்டிய மழை ஆறு மணி நேரத் தூறலாகப் பதிவாகும். மழை விட்டு வெகுநேரம் கழித்தும் சம இடைவெளியில் 0.2, 0.2 என்று வந்துகொண்டிருந்தால், அது அடைப்பு. உடனே போய்ப் பாருங்கள்.

அந்த 0.0 பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ஆள் அளக்கவில்லை என்றால் ரிஜிஸ்டரில் காலி இடம் இருக்கும், பார்த்தவுடன் தெரியும். சென்சார் அடைத்துக்கொண்டால் காலி இடம் விடாது, மழையே பெய்யவில்லை என்று உறுதியாக எழுதும். ஓர் ஆண்டு கழித்து அந்தக் கோப்பைத் திறப்பவருக்கு வறண்ட நாளும் அடைத்த நாளும் ஒன்றாகவே தெரியும். ஆளில்லாத நிலையத்தின் மேல் எங்களுக்குள்ள மிகப் பெரிய மனத்தாங்கல் இதுதான்.

மின்சாரமும் இங்கே லேசான விஷயமில்லை. வாரக்கணக்கில் வெயில் முகம் காட்டாத ஜூலையில் சோலார் பேனல் பெயருக்குத்தான் இருக்கும். பேட்டரி இறங்கும்போது முதலில் விழுவது சிம் மோடம், லாகர் இன்னும் சில நாள் ஓடும். ஆகவே உள்ளேயே நினைவகம் உள்ள லாகரையே வாங்குங்கள். தகவல் தாமதமாக வந்தாலும் தொலையாது. பேனலின் கீழ் விளிம்பில் பாசி பிடிக்கும், அதையும் துடைக்க வேண்டும். கேபிளை இரும்புக் குழாய்க்குள் விடாவிட்டால் எலி கடிக்கும். காட்டுமாடு உடம்பைத் தேய்க்கத் தோதான கம்பமாக இதைப் பார்க்கும். குரங்குக்கு இது ஏறிப் பார்க்க ஒரு புதுப்பொருள். நாலடி வேலி காட்டுமாட்டுக்குப் போதாது. கற்றூண் நட்டு, மழைமானியிலிருந்து தள்ளியே வேலி போடுங்கள்.

எடை பார்த்து அளக்கும் மழைமானி ஆலங்கட்டியையும் சாரலையும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் விலை அதிகம். 750 மி.மீ. கொள்ளளவுள்ள மாடல் 2019 ஆகஸ்ட் போன்ற நாளில் அவலாஞ்சியில் ஒரே நாளுக்குள் நிரம்பிவிடும். துளி விழும் அதிர்வை வைத்துக் கணிக்கும் தட்டை சென்சார்கள் வீட்டு நிலையங்களில் மலிவாக வருகின்றன. நீலகிரிச் சாரலுக்கு அவை வேண்டாம்.

சோதித்துப் பார்ப்பது

டிப்பிங் பக்கெட்டை வாங்கிய அன்றும், ஆண்டுக்கு இரண்டு முறையும், ஏப்ரல் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும், தண்ணீர் விட்டுச் சோதிக்க வேண்டும். புனலின் உள்விட்டத்தை இரண்டு திசையில் அளங்கள். 16 செ.மீ. என்றால் பரப்பு 201 சதுர செ.மீ., 20 செ.மீ. என்றால் 314. அதை 0.02ஆல் பெருக்கினால் 0.2 மி.மீ.க்கான தண்ணீர் மில்லியில் கிடைக்கும்: முன்னதுக்கு 4.02, பின்னதுக்கு 6.28. நூறு கவிழ்ப்புக்கான தண்ணீரை, அதாவது 402 மில்லி அல்லது 628 மில்லி, சமையலறைத் தராசில் நிறுத்து எடுங்கள். ஒரு கிராம் ஒரு மில்லிதான். மருந்துக்கடையில் கிடைக்கும் டிரிப் செட்டை ஒரு பாட்டிலில் செருகி, மொத்தமும் இறங்க ஒரு மணி நேரமாவது ஆகும்படி உருளையைத் திருகிவையுங்கள். எண்ணிக்கை 97க்கும் 103க்கும் நடுவே வந்தால் தொட வேண்டாம்.

எண்ணிக்கை அந்த எல்லைக்கு வெளியே போனால், கிண்ணங்களுக்கு அடியில் இருக்கும் இரண்டு திருகுகளையும் ஒரே அளவு திருப்ப வேண்டும். எண்ணிக்கை குறைவாக வந்தால் திருகுகளை மேலே ஏற்றுங்கள். கிண்ணம் குறைந்த தண்ணீரிலேயே கவிழும். அதிகமாக வந்தால் கீழே இறக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் திருப்பினால் இரண்டு கிண்ணமும் வெவ்வேறு அளவில் கவிழத் தொடங்கும். மக்கில் தண்ணீர் எடுத்து மடமடவென்று ஊற்றிச் சோதிப்பவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன வேக இழப்பால் எண்ணிக்கை குறையும், சரியாக இருந்த திருகை அவர்களே கெடுத்துவிடுவார்கள். சோதனைக்கு முன் லாகர் கேபிளைக் கழற்றுங்கள், அல்லது நேரத்தைக் குறித்துவைத்துப் பின்னால் நீக்குங்கள். இல்லையென்றால் வெயில் நாளில் 20 மி.மீ. மழை பதிவில் ஏறிவிடும்.

லாகரின் செட்டிங்கில் இரண்டு இடங்களைக் கட்டாயம் பார்க்கவும். அமெரிக்க அளவில் செய்த பக்கெட் ஒரு கவிழ்ப்புக்கு 0.01 இஞ்ச், அதாவது நம் எஸ்டேட் கணக்கில் சரியாக ஒரு சென்ட். பக்கெட் 0.2 மி.மீ. வகையாக இருந்து லாகரில் 0.254 என்று வைத்திருந்தால், ஒவ்வொரு மழையும் 27 சதவீதம் கூடுதலாக வரும். மாறி இருந்தால் 21 சதவீதம் குறையும். அடுத்தது கடிகாரம். செயலிகள் பெரும்பாலும் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கூட்டும், சில லாகர்கள் உலக நேரத்தில் (UTC) ஓடும். நம் எட்டரை மணி என்பது உலக நேரத்தில் அதிகாலை மூன்று. இதைச் சரிசெய்யாமல் ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டு "ரெண்டும் ஒத்துவரல" என்று சொல்வதில் பயனில்லை.

சேர்த்து வைப்பது

இரண்டையும் ஒரே இடத்தில், இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியில் வையுங்கள். மரமோ கட்டடமோ அதன் உயரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரத்தில் இருக்க வேண்டும். 15 மீட்டர் சில்வர் ஓக் என்றால் 30 மீட்டர். நிழல் மரம் நிறைந்த தேயிலைக்காட்டில் இப்படி இடம் கிடைப்பது சிரமம்தான். நாற்றங்காலோ விளையாட்டு மைதானமோ தோதாக அமையும். சரிவான இடம் வேண்டாம், சமதளம் பாருங்கள். புனலின் விளிம்பில் ரசமட்டம் வைத்து இரண்டு திசையிலும் சரிபாருங்கள்.

மாதக் கடைசியில் சென்சாரின் மொத்தத்தைக் கைமழைமானியின் மொத்தத்தால் வகுங்கள். 0.95க்கும் 1க்கும் நடுவே நின்றால் நல்ல ஜோடி. மாதாமாதம் 0.88, 0.89 என்று ஒரே சீராகக் குறைந்தால் திருகு அல்லது வேகத் திருத்தம். ஒரு மாதம் மட்டும் 0.6க்கு விழுந்தால் அடைப்பு. 1.05ஐத் தாண்டினால் கம்பம் ஆடுகிறதா, ரீட் ஸ்விட்ச் ஒரு கவிழ்ப்பை இரண்டாக எண்ணுகிறதா என்று பாருங்கள். கைமழைமானியிலும் விரிசல் இருக்கலாம். பாட்டிலில் தண்ணீர் நிரப்பி ஒரு இரவு துணியின் மேல் வைத்தால் தெரிந்துவிடும். மொத்தத்துக்குக் கைமழைமானியின் எண்ணையே வைத்துக்கொண்டு, நேரப் பங்கீட்டுக்குச் சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் 90, சென்சாரில் 81 என்றால், சென்சாரின் ஒவ்வொரு கால் மணி எண்ணையும் 90/81ஆல் பெருக்கிக்கொள்ளலாம். அடைப்பு இல்லாத நாளுக்கு மட்டுமே இது பொருந்தும்.

தானியங்கி எங்கும் பரவிவிட்ட அமெரிக்காவிலும் ஆளை விட்டுவிடவில்லை. 1997 ஜூலையில் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் வெள்ளம் வந்தபோது, சில கிலோமீட்டருக்குள் மழை எவ்வளவு மாறியது என்பதை இருந்த நிலையங்களால் காட்ட முடியவில்லை. அடுத்த ஆண்டே அங்கே பொதுமக்கள் வீட்டுத் தோட்டத்தில் மழை அளக்கும் கோகோராஸ் அமைப்பு தொடங்கியது. 4 அங்குலப் பிளாஸ்டிக் குழாய்தான் கருவி. உள்குழாயின் பரப்பு வாய்ப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு என்பதால், ஒரு அங்குல மழை பத்து அங்குல உயரமாக நிற்கும், படிக்க மிக எளிது. கொள்ளளவு 11 அங்குலம், சுமார் 280 மி.மீ. கோத்தகிரி, குன்னூர் வீடுகளுக்கு இது நல்ல தேர்வு. தேவாலாவுக்குச் சிறியது. ஒரு மலையைத் தாண்டினால் மழை மாறும் இந்த மாவட்டத்தில், மேற்கே ஜூன் முதல் செப்டம்பர் வரையும் கிழக்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் கொட்டும் இடத்தில், விலை உயர்ந்த ஒரு நிலையத்தைவிட ஒழுங்காகப் படிக்கும் பத்து வீட்டுக் குழாய்கள் மேல்.

தேயிலை எஸ்டேட்டுக்கு இரண்டும் வேண்டும். கொப்புள நோய்க்கு மருந்தடிக்கும் நாளைத் தீர்மானிக்க மொத்த மழையைவிட இலை எத்தனை மணி நேரம் ஈரமாக இருந்தது என்பது முக்கியம், அதற்குச் சென்சாரின் நேரக் கணக்கும் மூடுபனி பற்றிய ஆளின் குறிப்பும் சேர வேண்டும். உருளை, கேரட் போடும் சிறு விவசாயிக்குக் கைமழைமானியே தாராளம். சரிவின் அடியில் குடியிருப்புள்ள ஊராட்சிகள் சென்சாரை வாங்கட்டும், ஆனால் டெண்டரிலேயே பராமரிப்பு ஆளின் சம்பளத்தையும் சேர்த்து எழுதட்டும். வாரம் ஒருமுறை புனலைத் துடைக்க, மாதம் ஒருமுறை கிண்ணத்தை மென்மையான துணியால் கழுவ (எண்ணெய் தொடவே கூடாது, தண்ணீர் ஒட்டாமல் அளவு மாறும்), மே 15க்குள் பேட்டரியை மாற்ற. கடையில் புனல் வலையைக் கூடுதலாக இரண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் தொலைவது அதுதான்.